விடுபட்ட பதினொரு பக்கம்

எங்கள் அலுவலகத்தில் யாராவது மாற்றலாகிப் போனால், பெரிய வாழ்த்து மட்டை ஒன்றை வாங்கி எல்லோரும் ஆளுக்கு இரண்டு வரி எழுதிக் கொடுப்போம். 'உங்களை என்றும் மறக்க மாட்டோம்', 'உங்கள் சிரிப்பு இல்லாமல் இந்த இடம் வெறிச்சோடிவிடும்', இப்படி. பக்கத்து மேசைக்காரனை மூன்று வருடம் முறைத்துக்கொண்டே இருந்தவரும் அதில் உருகி எழுதுவார். அந்த மட்டை எங்கள் மொழிபெயர்ப்பாளர் மிஸ்ஸின் மேசைக்குப் போனபோது அவர் பேனாவைத் திறந்து, கொஞ்ச நேரம் யோசித்து, இப்படி எழுதினார்: 'நீங்கள் இங்கே ஆறு வருடம் வேலை செய்தீர்கள். கோப்புகளைத் தேடிக் கொடுப்பீர்கள். நன்றி.'

மாற்றலாகிப் போனவர் அதை வாசித்துவிட்டு என்னிடம் வந்து, "மிஸ்ஸுக்கு என் மேல ஏதும் கோவமா?" என்று கேட்டார். கோபம் எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்ததை எழுதினார், தெரியாததை எழுதவில்லை. பன்னிரண்டு வருடம் அவருக்கு அடுத்த மேசையில் இருந்தவள் நான். அந்தக் காலம் முழுவதும் அவர் ஒரு சொல் கூட்டியோ குறைத்தோ சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, கண்டியில் அரச உத்தியோகத்துக்கு வந்தவள். அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே அளவு கெட்டி. அலுவலக வேலைக்கு அப்பால் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளராகவும் பதிவு செய்திருந்தார். அதற்கென்று சொந்தமாக ஒரு வட்ட முத்திரை வைத்திருந்தார். அலுவலக முத்திரை மேசையில் இருக்கும். சொந்த முத்திரை கைப்பையில் இருக்கும். இரண்டும் ஒருநாளும் கலந்ததில்லை.

பெரஹரா ஊர்வலம் முடிந்த மறுநாள் யாராவது, "எப்படி மிஸ், நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால், "கன சனம்" என்பார். நான் சமைத்துக்கொண்டு போன கறியில் ஒரு கரண்டி கொடுத்து முகத்தைப் பார்த்தால், "உப்புக் கூட" என்பார். கூடத்தான் இருக்கும். அவர் மகன் இறந்த பிறகும் கண்டியிலேயே இருந்ததைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். மகன் போன ஊரை விட்டுப் போக மனமில்லை என்றார்கள். புருஷனோடு சரியில்லை என்றார்கள். ஒருநாள் நான் துணிந்து கேட்டேன்.

"ஏன் மிஸ் நீங்க யாழ்ப்பாணத்துக்கு மாறிப் போகல?"

"மாற்றத்துக்கு விண்ணப்பிக்கேல்லை" என்றார்.

அவ்வளவுதான். அதற்குமேல் அதில் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

மகன் பேராதனைக் கம்பஸில் படித்தவர். அவருக்கு அங்கே இடம் கிடைத்ததால்தான் இவரும் கண்டிக்கு மாற்றம் வாங்கி, கணவரோடு குண்டசாலையில் ஒரு வீட்டின் கீழ்த்தட்டை வாடகைக்கு எடுத்து வந்தார். மகன் மூன்றாம் வருடத்தில், நண்பர்களோடு மகாவலி ஆற்றில் குளிக்கப் போய்த் திரும்பவில்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். செத்தவீட்டுக்கு நாங்கள் போனோம். அந்த வருட முடிவில் கணவர் யாழ்ப்பாணத்துக்குத் தன் அக்காவோடு இருக்கப் போய்விட்டார். அதுவும் தெரியும். ஏன் என்று தெரியாது. அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் நான் கவனித்திருந்தேன். மத்தியானம் பன்னிரண்டரைக்கு அவர் தன் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிடுவார். நாங்கள் நாலைந்து பேர் பெட்டிகளைத் திறந்து பங்கு போட்டுச் சாப்பிடுவோம். கூப்பிட்டால், "நீங்கள் சாப்பிடுங்கோ" என்பார். கர்வம் என்று சிலர் நினைத்தார்கள். நானும் கொஞ்ச காலம் நினைத்தேன்.

எனக்கு அவர்மேல் உண்மையாகக் கோபம் வந்தது ஒருமுறைதான். எங்கள் தோட்டப் பக்கமிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்கு வெளிநாட்டு வேலை கிடைத்திருந்தது. சிங்களத்தில் இருந்த பிறப்புச் சான்றிதழுக்கு ஆங்கிலப் பிரதி வேண்டும். சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ஒன்றும் இல்லை. பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது.

"அம்மா, அந்த 'இல்லை'ன்னு இருக்குற எடத்துல ஒரு கோடு மட்டும் போட்டுக் குடுங்கம்மா" என்றாள் தாய். "போற எடத்துல பாப்பாங்க. புள்ளைக்குக் கொறச்சலா போயிரும்."

"மூலத்தில கோடு இல்லை" என்றார் மிஸ்.

"நீங்களும் தமிழ் ஆளுதானேம்மா."

"இருக்கிறதைத்தான் நான் எழுதலாம்."

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மிஸ் எழுதினார், கையெழுத்து வைத்தார், கொடுத்தார். தாய் அதை வாங்கி மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு போனாள். அவர்கள் படியிறங்கியதும் நான் சொன்னேன்: "ஒரு கோடுதானே மிஸ்."

"இண்டைக்கு நான் ஒரு கோடு போட்டா, நாளைக்கு நான் எழுதின ஒண்டையும் ஆரும் நம்பத் தேவையில்லை" என்றார். பிறகு அடுத்த கோப்பை எடுத்தபடி, "அந்தப் பிள்ளையின்ரை பேர் வடிவான பேர்" என்றார்.

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

பிறகு ஒரு நாவலை நான் அவருக்குக் கொடுத்தேன். கண்டி நகரத்தில் நடைபாதையில் பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். வேறொரு நாட்டில், குளிர்ப் பிரதேசத்தில், மிகப் பழைய காலத்தில் எழுதப்பட்டது. தமிழில் யாரோ மொழிபெயர்த்திருந்தார்கள். அட்டையில் 'ஒரு காலத்தில் தடை செய்யப்பட்ட நாவல்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. அதனால் பஸ்ஸில் வாசிக்கக் கூச்சப்பட்டு பழுப்புக் கடதாசியால் உறை போட்டேன். வாசித்தால் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. சந்தையில் துணி விற்கும் ஒரு விதவைத் தாய், அவளுடைய ஒரே மகன், அவனுக்கு வரும் காய்ச்சல். மகன் இறந்த பிறகு அவள் அவனுடைய சட்டைகளை ஒவ்வொன்றாகக் கழுவிக் காயப்போடும் இடத்தில், கலஹா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி நான் அழுதிருக்கிறேன். மூன்று தடவை வாசித்தேன். மூன்று தடவையும் அதே இடத்தில் அழுதேன். இப்படிப்பட்ட ஒரு கதையை எதற்குத் தடை செய்தார்கள் என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.

மகனை இழந்தவருக்கு அதைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். பிறகு, வாசித்தால் ஒருவேளை அவரும் அழுவார், அழுதால் நல்லது என்று நினைத்துக் கொடுத்தேன். மகன் போய் ஏழு வருடமாகியும் அவர் அழுது நான் பார்த்ததில்லை. செத்தவீட்டிலும் இல்லை.

ஒரு கிழமை கழித்து, காலையில் வந்ததும் புத்தகத்தை என் மேசையில் வைத்து ஓரிடத்தில் விரித்தார்.

"பதினாலாம் அத்தியாயத்தில சந்தையில வைச்சு அவவுக்குச் செய்தி சொல்லுகினம். சரியோ?"

"ஆமா மிஸ்."

"பதினைஞ்சாம் அத்தியாயம் தொடங்கேக்கை அவ வீட்டு வாசலில நிண்டு பிசுபிசுத்த கையை வாளித் தண்ணியில கழுவுறா. ஏன் பிசுபிசுத்தது?"

நான் அந்த வரியைப் பார்த்தேன். மூன்று தடவை வாசித்த வரி. "கண்ணீரா இருக்கும். வேர்வையா இருக்கும்" என்றேன்.

"கண்ணீர் பிசுபிசுக்காது" என்றார். "இடையில ஏதோ விடுபட்டிருக்கு."

அன்று மாலையே குளத்துப் பக்கம் உள்ள நூலகத்துக்குப் போய் ஆங்கிலப் பிரதியைத் தேடியிருக்கிறார். அங்கே இருந்தது. இரண்டையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்து ஒப்பிட்டிருக்கிறார், சான்றிதழ்களை ஒப்பிடுவதைப் போல. பதினாலாம் அத்தியாயத்தின் கடைசிப் பதினொரு பக்கம் தமிழில் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதை எடுத்துவிட்டு, எடுத்ததாக எங்கேயும் குறிப்பு வைக்காமல் போய்விட்டார். கை கழுவுகிற வரியை மட்டும் எடுக்க மறந்துவிட்டார்.

அந்தப் பதினொரு பக்கத்துக்காகத்தான் நாவல் அந்த நாட்டில் தடை செய்யப்பட்டது என்று ஆங்கிலப் பிரதியின் முன்னுரையில் எழுதியிருந்ததாம். இப்படி ஒரு தாய் உலகத்தில் இருக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னதாம்.

"அதுல என்னா மிஸ் இருக்கு?"

"மொழிபெயர்த்துத் தாறன்" என்றார்.

தன் சொந்த நேரத்தில், சொந்தக் கடதாசியில், இரண்டு கிழமை எடுத்துச் செய்தார். பிறப்புச் சான்றிதழ் செய்கிற அதே முறைதான். இடது பக்கம் பெரிய ஓரம் விட்டு, பக்க எண் போட்டு, அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து. கடைசிப் பக்கத்தின் அடியில், 'மூலப் பிரதியுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட உண்மையான மொழிபெயர்ப்பு' என்று எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் தன் வட்ட முத்திரையைக் குத்தியிருந்தார். சிரிப்பு வந்தது எனக்கு. வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்ததும் சிரிப்புப் போய்விட்டது.

மகனுக்குப் பிடிக்குமென்று அந்தத் தாய் சந்தையில் ஒரு கூடை பேரிக்காய் வாங்கியிருக்கிறாள். வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் மகன் போய்விட்ட செய்தி வருகிறது. அவள் வீட்டுக்கு நடக்கிறாள். நீண்ட தூரம். வழியில் ஒரு பேரிக்காயை எடுத்துக் கடிக்கிறாள். எடுத்தது அவளுக்கே தெரியாது. இரண்டாவதைத் தெரிந்து எடுக்கிறாள். மூன்றாவதை, நல்லாய்ப் பழுத்ததாகப் பார்த்துத் தெரிவு செய்கிறாள். பழச்சாறு முழங்கை வரை வழிகிறது. பழம் இனித்தது என்று அந்தப் பதினொரு பக்கத்தில் மூன்று இடத்தில் வருகிறது. வீடு தெரிகிற தூரத்துக்கு வரும்போது கூடை வெறுமையாக இருக்கிறது.

மறுநாள் நான் அந்தத் தாள்களை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"எனக்குப் புடிக்கல மிஸ். இது இல்லாமலே நல்லா இருந்துச்சு."

"ஓம், நல்லாத்தான் இருந்தது" என்றார். "ஆனா அது அவவில்லை."

"பெத்த புள்ள செத்துக் கெடக்கான். ஒரு தாயால எப்படி மிஸ் இது முடியும்?"

அவர் தாள்களை வாங்கி விளிம்பைத் தட்டிச் சமப்படுத்தினார். பிறகு, வழக்கமாகக் கோப்பின் விபரம் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"நான் சாப்பிட்டனான்."

எனக்கு விளங்கவில்லை.

"மகனைக் கொண்டுபோய் வைச்ச நேரம், ஆஸ்பத்திரியில. சவச்சாலைக்கு வெளியில ஒரு வாங்கு கிடந்தது. காலமையில இருந்து அதில இருந்தனான். இவர் பொலிஸ் கடதாசிக்கு எண்டு அங்கையும் இங்கையும் போய்க்கொண்டிருந்தவர். பக்கத்தில ஒரு சிங்களப் பொம்பிளை, அவவும் தன்ரை ஆருக்கோ வந்தவ. தன்னட்டை இருந்த சோத்துப் பார்சலை என்ரை மடியில வைச்சிட்டுப் போனவ. திறந்தனான். பருப்பு, மீன், தேங்காய்ச் சம்பல். முழுக்கச் சாப்பிட்டனான்."

சொன்னது சரியா என்று மனதுக்குள் ஒப்பிட்டுப் பார்த்ததைப் போல இருந்தது.

"ருசியாயிருந்தது. விரலையும் சூப்பினனான். இவர் கடதாசியோடை வரேக்கை அதைத்தான் கண்டவர்."

கணவர் அந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லையாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்றுதான் சொன்னாராம். 'பிள்ளை உள்ளுக்குக் கிடக்க நீர் வெளியில இருந்து விரல் சூப்பினீர்.' அதைத் தன் அக்காவுக்கும் சொன்னார். அக்கா மற்றவர்களுக்குச் சொன்னார். அவர்கள் ஊரில் பிரேதம் வெளிக்கிடும் வரை செத்தவீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். எங்கள் பக்கமும் அப்படித்தான். உண்மையைச் சொன்னால், அந்தக் கணத்தில் எனக்கும் உள்ளே ஏதோ பின்வாங்கியது. மத்தியானம் அவர் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பியபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பதினொரு பக்கத்தைக் கணவருக்கு அனுப்பப் போவதாக இரண்டு நாள் கழித்துச் சொன்னார்.

"வட்ஸ்அப்ல படம் புடிச்சு அனுப்பலாமே மிஸ். அவரு பாத்தா நீலக் கோடு காட்டும்."

"பாத்ததைத்தான் காட்டும். வாசிச்சதைக் காட்டாது" என்றார்.

பதிவுத் தபாலில் அனுப்பினார். கூட ஒரு கடிதம் வைக்கவில்லை. "என்ன எழுதினீங்க?" என்று கேட்டதற்கு, "விலாசம்" என்றார்.

அனுப்பி நாலாம் கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை, அவருடைய கணவர் வந்தார். நான் செத்தவீட்டில் பார்த்ததைவிட நன்றாக மெலிந்திருந்தார். விவசாயத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சேர்ட்டின் பையில் மூக்குக்கண்ணாடியும் நாலாக மடித்த தாள்களும் இருந்தன. யாழ்ப்பாணத்தில் இருந்து இரவு பஸ்ஸில் வந்து, குட்ஷெட் பஸ் நிலையத்தில் முகம் கழுவிக்கொண்டு நேரே வந்திருக்கிறார். மிஸ் எழுந்து, பொதுமக்களுக்கான கதிரையை அவருக்குக் காட்டினார். அவர் உட்கார்ந்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன். "இருங்கோ, உங்களுக்கு வேலை கிடக்கு" என்றார் மிஸ். அதனால் எல்லாவற்றையும் கேட்டேன்.

"இதை ஏன் எனக்கு அனுப்பினனீர்?" என்றார் அவர்.

"வாசிச்சனீங்களோ?"

"ஓம்."

"முழுக்கவோ?"

"நாலு தரம்."

அவர் தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். மடிப்பு விழுந்த இடத்தில் முத்திரை மங்கியிருந்தது. கண்ணாடியைப் போட்டார், பிறகு வாசிக்க ஒன்றுமில்லை என்பதால் கழற்றினார்.

"அண்டைக்கு," என்று தொடங்கினார், "பொலிசில இருந்து ஆள் வர ஒரு மணித்தியாலம் செல்லும் எண்டவங்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் இருந்த கன்டீனுக்குப் போனனான். தண்ணி குடிக்கத்தான் போனனான்."

மிஸ் பேனாவை மூடி வைத்தார்.

"ஒரு பிளேன்டீ குடிச்சனான். மீன் வைச்ச மாலுப் பணிஸ் ரெண்டு சாப்பிட்டனான். சூடாயிருந்தது. பிறகுதான் வந்து பாத்தன், நீர் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்."

"நான் சாப்பிட முந்தியோ?" என்றார் மிஸ்.

"என்ன?"

"நீங்கள் சாப்பிட்டது, நான் சாப்பிட முந்தியோ, பிறகோ?"

"முந்தி."

மிஸ் தலையை ஆட்டினார். ஒரு திகதியைச் சரிபார்த்துக்கொண்டவரைப் போல.

"ஆரும் காணேல்லை" என்றார் அவர். "அதுதான். என்னை ஒருத்தரும் காணேல்லை. உம்மை நான் கண்டனான்." சொல்லிவிட்டு அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் அசைந்தது. அலுவலுக்கு வந்து கருமபீடத்தின் முன்னால் நின்ற இரண்டு பேர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மிஸ் தன் போத்தலில் இருந்த தேநீரை மூடியில் ஊற்றி அவர் முன்னால் வைத்தார். அவர் குடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சாளுக்குச் சொன்னனீங்களோ?" கணவரின் அக்காவைத்தான் கேட்டார்.

"இல்லை."

"வேறை ஆருக்கும்?"

"இல்லை."

அவ்வளவுதான் பேசினார்கள். கணவர் தாள்களை மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். மிஸ் வாசல் வரை போய், யாழ்ப்பாணப் பஸ் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து, பாதியில் விட்ட மரணச் சான்றிதழை எடுத்து மீதியை எழுதி முடித்தார். நான் அன்று ஒரு வேலையும் செய்யவில்லை. கோபப்படுவாரா, சிரிப்பாரா என்று பக்கத்தில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் ஒரு செய்தியும் இல்லை. மகனுடைய ஆண்டுத் திவசம் வந்தது. யாழ்ப்பாணத்தில் கணவர் வீட்டில் செய்வார்கள். இவரைக் கூப்பிட மாட்டார்கள். இவர் கண்டியில் கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வேலைக்கு வருவார். அந்த வருடமும் அப்படித்தான் வந்தார். நெற்றியில் திருநீறு இருந்தது.

மறுநாள் காலை பத்து மணியளவில் அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. அலுவலக நேரத்தில் அவர் எடுப்பதில்லை. பெயரைப் பார்த்துவிட்டு எடுத்தார். மறுபக்கத்தில் ஒரு பெண் குரல் உயர்ந்தும் தாழ்ந்தும் கேட்டுக்கொண்டே இருந்தது. இவர் "ஓம்" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடி "ஓம்." பத்து நிமிடத்துக்குள் ஏழெட்டு ஓம் சொல்லியிருப்பார். பிறகு தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். அவர் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.

"யாரு மிஸ்?"

"மச்சாள்."

"என்னாவாம்?"

"அவர் சொல்லிப்போட்டாராம். நேற்றுத் திவசத்துக்கு எல்லாரும் வந்திருக்கேக்கை, படையல் முடிஞ்சு, இலை போட முந்தி. எழும்பி நிண்டு, தான் அண்டைக்கு முதல் சாப்பிட்டது எண்டும், அதை மறைச்சுக்கொண்டு என்னைக் குறை சொன்னது எண்டும் சொன்னவராம். பணிஸ் எத்தினை எண்டதையும் சொன்னவராம்."

"அப்புறம்?"

"ஒருத்தரும் சாப்பிடேல்லையாம். அவர் உள்ளுக்குப் போய்ப் படுத்திட்டாராம். மச்சாள் அழுதவ. மன்னிச்சுக்கொள்ளச் சொன்னவ. வரச் சொன்னவ."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"மன்னிக்கிறதுக்கு ஓம் எண்டனான். வாறதுக்கு ஒண்டும் சொல்லேல்லை."

அவர் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தேன். இத்தனை வருடத்தில் நான் அவரைத் தொட்டதில்லை. கை நீட்டவும் முடியாமல், எடுக்கவும் முடியாமல் மேசை விளிம்பில் வைத்துக்கொண்டேன். என் கண் நிறைந்துவிட்டது. அவர் அதைப் பார்த்தார். மற்றவர்களின் முகத்தை அவர் அப்படி நிதானித்துப் பார்ப்பது அபூர்வம்.

"எனக்கு ஒண்டும் வரேல்லை" என்றார்.

நான் கண்ணைத் துடைத்தேன்.

"ஏழு வருசம். ஆராவது ஒராள் என்ரை பக்கம் நிண்டு சொல்லவேணும் எண்டுதான் இருந்தனான். சொன்னா என்ன வரும் எண்டும் நினைச்சு வைச்சிருந்தனான். அழுகை வரும், இல்லாட்டிச் சந்தோசம் வரும் எண்டு. இப்ப சொல்லிப்போட்டார். ஒண்டும் வரேல்லை. சோறு சாப்பிட்ட அண்டைக்கு வந்த அளவும் வரேல்லை." பிறகு என்னைக் கேட்டார்: "அது பிழையோ?"

யாரிடமும் எந்த விஷயத்திலும் அபிப்பிராயம் கேட்காத மனுஷி. சொற்பொருளில் சந்தேகம் வந்தாலும் அகராதியைத்தான் கேட்பார். என்னைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். மேசையின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல். வேறு யாராக இருந்தாலும், "சேச்சே, பிழையே இல்ல" என்று உடனே சொல்லியிருப்பேன். வாழ்த்து மட்டையில் எழுதுவதைப் போல வாயில் வந்தும் விட்டது. அவர் முகத்தைப் பார்த்தபோது சொல்ல முடியவில்லை.

"தெரியல மிஸ்" என்றேன்.

"ஓம்" என்றார். கருமபீடத்தில் ஒரு வயதானவர் கையில் சான்றிதழோடு வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தார். மிஸ் அவரை அழைத்து, தாளை வாங்கி, முதல் வரியில் விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினார்.

அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றார். குண்டசாலை வீட்டைக் காலி செய்தார் என்று கேள்விப்பட்டேன். எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. போன புதிதில் இரண்டு முறை அழைத்துப் பார்த்தேன், அந்த இலக்கம் பாவனையில் இல்லை. நாவல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைத் திரும்ப வாசிக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட அந்தக் கேள்வியைப் பஸ்ஸில், சமையலறையில், வேலைக்கிடையில் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறேன். பிழையில்லை மிஸ் என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தால் அவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் அது சரியா பிழையா என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.